மழை வரும் என்று தெரிந்தும் அணையை ஏன் முன்கூட்டியே திறப்பதில்லை?

கரையோரத்தான்:
ஒவ்வொரு பெருமழைக்கும் இதே கதைதான். புயல் வரப்போகிறது என்று சில நாள் முன்னாலேயே வானிலை அறிக்கை வந்துவிடுகிறது. அணை அப்போதே முக்கால்வாசிக்கு மேல் நிறைந்திருக்கும். ஆனாலும் மதகைத் தொட மாட்டார்கள். மழை கொட்டி, வரத்து எகிறி, இனி வேறு வழியில்லை என்று ஆன பிறகு நடுராத்திரியில் மொத்தமாகத் திறப்பார்கள். கீழே இருக்கிற எங்களுக்கு வந்தது மழை வெள்ளமா, அணை வெள்ளமா என்றே புரிவதில்லை. வெள்ளத்தைத் தடுக்கத்தானே அணை கட்டுகிறார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அரசியல் வேண்டாம்.

சும்மா கேட்டேன்:
"அரசியல் வேண்டாம்" என்று ஆரம்பித்த இழை எதுவும் இரண்டாம் பக்கத்தைத் தாண்டியதில்லை. ஓரமாக உட்கார்ந்து பார்க்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
வெள்ளத்தைத் தடுக்கத்தான் அணை என்பதே பாதி உண்மைதான் நண்பரே. மேட்டூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1934இல் கட்டி முடித்தார்கள். முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). அதன் முதல் வேலை டெல்டா பாசனம். ஜூன் 12ஆம் தேதி தண்ணீர் திறப்பார்களா மாட்டார்களா என்பதுதான் அங்கே வருடா வருடம் கேள்வி. வெள்ளத்துக்கென்று ஒதுக்கிய காலியிடம் அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. 120 அடியைத் தொட்டுவிட்டால் வரத்து எவ்வளவோ அவ்வளவும் அப்படியே வெளியே போகும். 16 கண் மதகு அதற்குத்தான்.

பாசனத்துக்கு அணை நிறைந்திருக்க வேண்டும். குடிநீருக்கும் அப்படியே. மின்சாரத்துக்கு மட்டம் உயரமாக இருக்க வேண்டும், விடுகிற தண்ணீரும் தேவைப்பட்ட நேரத்தில் விட வேண்டும். வெள்ளத் தடுப்புக்கு மட்டும் அணை காலியாக இருக்க வேண்டும். இத்தனை வேலையையும் ஒரே நீர்த்தேக்கத்தின் தலையில் கட்டுகிறோம். சண்டையே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இப்போது ஒரு கணக்கு. வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. ஆற்றில் வினாடிக்கு 2 லட்சம் கன அடி வருகிறது, கீழே 1.2 லட்சத்துக்கு மேல் தாங்காது என்று வையுங்கள். மிச்சம் 80,000 கன அடியை அணை தேக்கி வைக்க வேண்டும். ஒரு நாளுக்கே ஏறக்குறைய 7 டி.எம்.சி. காலியிடம் வேண்டும். மூன்று நாள் மழை என்றால் 21. அந்த இடம் மழைக்கு முன்பே இருந்தாக வேண்டும். மழை ஆரம்பித்த பிறகு அதை உருவாக்க முடியாது.

கரையோரத்தான்:
அதைத்தானே நானும் கேட்கிறேன்? மழைக்கு முன்பே அந்த 21ஐ விட்டிருக்கலாமே.

லஸ்கர் பேரன்:
விட்டுவிட்டு மழை திசை மாறிப் போய்விட்டால்? அடுத்த கோடையில் குடிநீருக்கு லாரி ஓடும்போது, "தண்ணீரைக் கடலுக்கு விட்ட மகான் யார்" என்று இதே மன்றத்தில் தனி இழை திறப்பீர்கள். மதகுக்குப் பக்கத்தில் நிற்கிற பொறியாளருக்கு இரண்டு பக்கமும் அடி. வரத்து தெரிகிற வரை காத்திருந்தால், "விதிப்படி செய்தேன்" என்றாவது சொல்லிக்கொள்ளலாம். ஆகவே காத்திருக்கிறார். அது சரி என்று சொல்லவில்லை, நடப்பதைச் சொல்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
இந்த வழக்கு நிஜமாகவே நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகருக்கு மேலே வைவன்ஹோ என்று ஓர் அணை. 1974 வெள்ளத்துக்குப் பிறகு வந்தது. குடிநீருக்கு ஒரு பகுதி, அதற்கு மேலே வெள்ளத்துக்கென்றே தனி இடம், அதுவும் குடிநீர்ப் பகுதியைவிடப் பெரியது. நம் கரையோரத்தான் கேட்கிற மாதிரியான அணை. 2011 ஜனவரியில் பெருமழை. அதற்கு முன் பல வருடம் கடும் வறட்சி. மழை முன்னறிவிப்பை வைத்து முன்கூட்டியே திறப்பதா, தரையில் விழுந்த மழையை மட்டும் நம்புவதா என்பதுதான் பிரச்சினை. கடைசியில் பெரிய அளவில் திறக்க வேண்டி வந்தது, நகரம் மூழ்கியது. பாதிக்கப்பட்டவர்கள் கூட்டாக வழக்குப் போட்டார்கள். 2019இல் தீர்ப்பு அவர்கள் பக்கம். 2021இல் அணையை இயக்கிய நிறுவனம் மேல்முறையீட்டில் ஜெயித்தது. ஒரே தாளை வைத்துக்கொண்டு நீதிபதிகளே இரண்டு விதமாகச் சொன்னார்கள் என்றால், நடுராத்திரி மழையில் நிற்கிற ஆள் என்ன செய்வார்?

என் கட்சி இதுதான்: எந்த மாதத்தில் எந்த மட்டத்துக்கு மேல் தேக்கக்கூடாது என்று வெயில் காலத்திலேயே உட்கார்ந்து முடிவு செய்துவிட வேண்டும். இதற்கு ரூல் கர்வ் என்று பெயர். பருவத்தின் தொடக்கத்தில் கோடு கீழே இருக்கும், மழைக்காலம் முடிய முடிய மேலே ஏறும். புயல் அன்று யாரும் துணிச்சலைக் காட்ட வேண்டியதில்லை, கோட்டைத் தாண்டியதா, திற, அவ்வளவுதான். பல அணைகளில் இந்தக் கோடு இருக்கிறது. ஆனால் அணை நிறைந்தால் மலர் தூவுகிற ஆட்கள், கோட்டுக்குக் கீழே நிறுத்தினால் சும்மா விடுவார்களா?

கரையோரத்தான்:
அப்படிக் கோடு இருந்தால் அதை ஊர் பார்க்க வெளியிடட்டும். இன்றைய மட்டம் எவ்வளவு என்று தினமும் செய்தியில் சொல்கிறார்கள். இன்று எவ்வளவு இருக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்வதில்லை.

கணக்குப்பிள்ளை:
இதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன்.

மண்ணும் கல்லும்:
ரெண்டு பேரும் தண்ணீரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அதைத் தாங்கி நிற்கிற சுவரைப் பற்றி யாரும் பேசவில்லையே. "சீக்கிரம் காலி பண்ணு" என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மண் அணையில் தண்ணீரை அவசரமாக இறக்கினால், உள்பக்கச் சரிவில் ஊறிப்போன மண் அப்படியே வழுக்கி விழும். வெளியே தண்ணீர் இறங்கிவிடும், மண்ணுக்குள் இருக்கிற நீரின் அழுத்தம் அதே வேகத்தில் இறங்காது. கலிபோர்னியாவில் சான் லூயிஸ் அணையில் 1981இல் இப்படித்தான் உள்சரிவு சரிந்தது. ஆகவே ஒரு நாளைக்கு இத்தனை அடிக்கு மேல் இறக்காதே என்று அணைக்கு அணை ஒரு வரம்பு உண்டு.

அணைகள் உடைந்த வரலாற்றை எடுத்துப் பார்த்தால் இரண்டு காரணங்கள்தான் முதலிடத்துக்குப் போட்டி போடும். ஒன்று, தண்ணீர் மேலே ஏறி வழிந்து கரையை அரிப்பது. இன்னொன்று, கண்ணுக்குத் தெரியாமல் உள்ளுக்குள்ளேயே அரிப்பது. முதலாவதைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுப்பது.

அமெரிக்காவில் டீட்டன் அணை. புத்தம்புது மண் அணை, முதல் முறையாக நிரப்பிக்கொண்டிருந்தார்கள். 1976 ஜூன் 5 காலையில் கீழ்ப்பக்கம் கலங்கலாகக் கசிவு கண்ணில் பட்டது. ஓட்டையை அடைக்கப் புல்டோசரை அனுப்பினார்கள், அதுவே உள்ளே விழுந்துவிட்டது. நண்பகலுக்குள் அணை இல்லை. 11 பேர் இறந்தார்கள். கவனியுங்கள், நீர்மட்டத்தை விரைவாக இறக்க உதவுகிற பெரிய மதகு வழியை இன்னும் கட்டி முடிக்கவில்லை, ஆனால் நிரப்புவதை மட்டும் வேகமாகச் செய்தார்கள். வெளியே விடும் வழி தயாராகும் முன் உள்ளே நிரப்புவது மாதிரி ஒரு வேலையை நான் மன்னிக்கவே மாட்டேன்.

சும்மா கேட்டேன்:
அப்போ கசிவு என்றாலே அணை போச்சா? எங்கேயாவது ஈரம் தெரிந்தால் வாட்ஸாப்பில் "அணையில் விரிசல்" என்று வீடியோ வந்துவிடுகிறதே.

மண்ணும் கல்லும்:
இல்லை சார். கசியாத அணையே உலகத்தில் கிடையாது. கசிகிற தண்ணீர் தெளிவாக வருகிறதா, கலங்கலாக வருகிறதா, அளவு கூடுகிறதா என்பதுதான் கேள்வி. தெளிந்த நீர் என்றால் தண்ணீர் மட்டும் வெளியேறுகிறது. கலங்கல் என்றால் அணையின் உடம்பே அதோடு கரைந்து போகிறது.

இதை அளப்பது ரொம்ப எளிமையான சமாச்சாரம். அணையின் அடியில் கசிவுநீரெல்லாம் ஒரு சின்னக் கால்வாயில் சேரும். அதன் குறுக்கே ஒரு தகடு, தகட்டில் 'வி' வடிவில் ஒரு வெட்டு. அந்த வெட்டில் எத்தனை சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது என்று தினமும் குறிப்பேட்டில் எழுதுவார்கள். 90 பாகை வெட்டு என்றால், 10 செ.மீ. நின்றால் வினாடிக்குச் சுமார் 4.4 லிட்டர். 12 செ.மீ. ஆனால் சுமார் 6.9 லிட்டர். வெறும் இரண்டு சென்டிமீட்டர்தான், ஆனால் கசிவு ஒன்றரை மடங்கைத் தாண்டிவிட்டது. அணை மட்டம் ஏறியதால் கூடியிருந்தால் அது இயல்பு. மட்டம் அதே இடத்தில் நிற்கும்போது கூடினால் உடனே மேலே சொல்ல வேண்டும். நான் ஓர் அணைக்குப் போனால் முதலில் கேட்பது அந்தக் குறிப்பேட்டைத்தான். மாதக்கணக்கில் ஒரே எண் ஒரே பேனாவில் எழுதியிருந்தால், அங்கே யாரும் தகட்டின் பக்கமே போகவில்லை என்று அர்த்தம்.

கல் அணை, கான்கிரீட் அணையில் வேறு கதை. அடியில் புகுகிற நீர் அணையையே மேலே தூக்கப் பார்க்கும். அதற்கு அணைக்குள் சுரங்கம் மாதிரி ஒரு நடைபாதை, அதில் வடிகால் துளைகள். துளை சுண்ணாம்புப் படிவால் அடைத்துப்போனால் கசிவு குறைந்த மாதிரித் தெரியும், சந்தோஷப்படுவார்கள். உண்மையில் அழுத்தம் உள்ளே ஏறிக்கொண்டிருக்கும்.

அப்புறம் இன்னொன்று. அணை பலமாக இருந்தால் மட்டும் போதாது. இத்தாலியில் வயோந்த் அணை, 260 மீட்டருக்கு மேல் உயரம். 1963 அக்டோபர் 9 இரவு பக்கத்து மலையே சரிந்து நீர்த்தேக்கத்துக்குள் விழுந்தது. தண்ணீர் அணைக்கு மேலே எழும்பிக் கீழே ஊர்களை அடித்துக்கொண்டு போய்விட்டது. சுமார் 2,000 பேர் இறந்தார்கள். அணை இன்றும் நிற்கிறது.

நெறியாளர்:
முல்லைப் பெரியாறு பற்றிய நான்கு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அதற்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போய் அடித்துக்கொள்ளுங்கள்.

சும்மா கேட்டேன்:
இரண்டாம் பக்கம் வருவதற்குள்ளேயே. சொன்னேனா இல்லையா.

லஸ்கர் பேரன்:
மண்ணும் கல்லும் சார் சொன்னது எல்லாம் சரி, ஆனால் அதிகம் பேச வேண்டியது ஷட்டரைப் பற்றி. தாத்தா அணையில் லஸ்கராக, அதாவது மதகை இயக்கிப் பராமரிக்கிற ஊழியராக, இருந்தவர். மழைக்கு முன் சங்கிலிக்குக் கிரீஸ் போடுவதுதான் அவருக்குத் திருவிழா. ஒவ்வொரு கண்ணியையும் துணியால் துடைத்து, துரு பிடித்த இடத்தைச் சுரண்டி, உள்பக்கம் விரலை விட்டுப் பார்ப்பார். வெளியே பளபளவென்று இருக்கும் கண்ணி, கண்ணிகளை இணைக்கிற ஊசி உரசுகிற உள்பக்கத்தில் தேய்ந்து பாதியாகியிருக்கும் என்பார். வெளியே இருந்து டார்ச் அடித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு அது தெரியாது.

இப்போது செய்திகளைப் பாருங்கள். 2022 செப்டம்பரில் பரம்பிக்குளம் அணையில் மூன்று ஷட்டர்களில் நடு ஷட்டர், ஷட்டருக்கு எதிர் எடையாகத் தொங்குகிற எடைக்கல்லைத் தாங்கும் சங்கிலி அறுந்து பெயர்ந்து போனது. 2024 ஆகஸ்ட் 10 இரவு துங்கபத்திரா அணையில் 33 ஷட்டர்களில் 19ஆவது, அதுவும் சங்கிலி அறுந்து ஆற்றோடு போனது. அப்போது அணை ஏறக்குறைய நிரம்பியிருந்தது. இரண்டு இடத்திலும் அணை உடையவில்லை. ஆனால் ஒரு பருவத்துக்குத் தேக்கிய தண்ணீர் கண் முன்னே போனது. துங்கபத்திராவில் ஷட்டருக்கு முன்னால் தற்காலிகப் பலகை இறக்குவதற்கான ஸ்டாப் லாக் வசதி அப்போது இருக்கவில்லை. ஓடுகிற தண்ணீரிலேயே இரும்புப் பலகைகளை ஒவ்வொன்றாக இறக்கி அடைத்தார்கள். அந்த வேலை செய்தவர்களுக்குக் கோயில் கட்டலாம்.

கணக்குப்பிள்ளை:
ஒரு ஷட்டர் எவ்வளவு தாங்குகிறது என்பதற்கு ஒரு கணக்கு. 60 அடி அகலம், 20 அடி உயரம், தண்ணீர் மேல்விளிம்பு வரை என்றால் அதன் மீதான தள்ளுவிசை சுமார் 340 டன். இதோடுதான் அது மேலே ஏற வேண்டும். உராய்வு கொஞ்சம் கூடினாலும் தூக்குகிற பாகத்தில் சுமை எகிறும். கலிபோர்னியாவில் ஃபோல்சம் அணையில் 1995இல் ஒரு ஷட்டர் திறக்கும்போதே முறிந்தது, சுழல் அச்சில் துரு ஏறி உராய்வு கூடியதுதான் காரணம். நீர்த்தேக்கத்தில் ஏறக்குறைய 40 விழுக்காடு போய்விட்டது.

மின்சாரமும் பாருங்கள். பெருமழையில் முதலில் போவது மின்சாரம். ஷட்டரைத் தூக்க மோட்டார், மோட்டாருக்கு மின்சாரம், மின்சாரம் போனால் டீசல் ஜெனரேட்டர். அதில் டீசல் இருக்கிறதா, பேட்டரி உயிரோடு இருக்கிறதா? அதுவும் போனால் கையால் சுற்றும் பிடி. கையால் சுற்றி ஒரு ஷட்டரைத் திறக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று பருவத்துக்கு முன் ஒரு முறையாவது சுற்றிப் பார்த்திருக்கிறார்களா?

சும்மா கேட்டேன்:
ஒரு சந்தேகம், இது நிஜமான சந்தேகம். "நூறு வருடத்தில் ஒருமுறை வரும் வெள்ளம்" என்கிறார்களே, ஒரு தடவை வந்துவிட்டால் நம் தலைமுறைக்குக் கவலை இல்லைதானே?

கணக்குப்பிள்ளை:
இல்லை. எந்த வருடமும் வர நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்றுதான் பொருள். போன வருடம் வந்தது இந்த வருடத்துக்குத் தெரியாது. 30 வருடக் காலத்தில் ஒரு முறையாவது வர 26 விழுக்காடு வாய்ப்பு. அதனால்தான் பெரிய அணைகளின் உபரிநீர் போக்கியை நூறு வருட வெள்ளத்துக்குக் கட்டுவதில்லை, அந்தப் படுகையில் நினைத்துப் பார்க்கக்கூடிய உச்ச வெள்ளத்துக்குக் கட்டப் பார்ப்பார்கள். பழைய அணைகள் பலவற்றில் அந்தக் காலத்துக் குறைந்த மழைப்பதிவை வைத்துக் கணக்குப் போட்டிருப்பார்கள். குஜராத்தில் மச்சூ அணை 1979 ஆகஸ்டில் போனது இப்படித்தான், வடிவமைத்ததைவிடப் பல மடங்கு வெள்ளம், மண் கரைகளுக்கு மேலே வழிந்து மோர்பி நகரத்தை அழித்தது. சீனாவில் 1975இல் பான்சியாவ் அணை உடைந்தது. அங்கே இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் மதிப்பீடுகள் 26,000இல் ஆரம்பித்து லட்சங்களில் போய் நிற்கின்றன.

மண்ணும் கல்லும்:
உபரிநீர் போக்கி இருந்தாலும் அது வேலை செய்ய வேண்டுமே. ஓரோவில் அணை, அமெரிக்காவிலேயே உயரமானது. 2017 பிப்ரவரியில் உபரிநீர் ஓடுகிற கான்கிரீட் தளத்தில் பெரிய பள்ளம் விழுந்தது. சரி, அவசரப் போக்கி இருக்கிறதே என்றால், அது கட்டிய நாளிலிருந்து ஒருமுறைகூடப் பயன்பட்டதில்லை. முதல் முறை தண்ணீர் வழிந்ததும் கீழே இருந்த மலைச்சரிவு அரித்துக்கொண்டு மேல்நோக்கி ஏறியது. சுமார் 1,88,000 பேரை ஒரே மாலையில் வெளியேறச் சொன்னார்கள். பணக்கார நாட்டில், நல்ல பொறியாளர்கள் இருக்கிற இடத்தில். ஆய்வுக்குழு எல்லாம் வருடா வருடம் போய்க்கொண்டுதான் இருந்தது.

கரையோரத்தான்:
கேள்வி கேட்டது தப்போ என்று தோன்றுகிறது, தூக்கம் போய்விட்டது. சரி, இதையெல்லாம் பார்க்கச் சட்டம் ஒன்றும் இல்லையா?

லஸ்கர் பேரன்:
இருக்கிறது அண்ணே. அணைப் பாதுகாப்புச் சட்டம், 2021. அதே ஆண்டு டிசம்பர் 30இல் நடைமுறைக்கு வந்தது. 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள எல்லா அணைகளும், 10 முதல் 15 மீட்டருக்குள் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவையும் இதில் வரும். பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு கட்டாயம். சட்டம் வந்து ஐந்து ஆண்டுக்குள் ஒவ்வொரு அணைக்கும் அவசரகாலச் செயல்திட்டம் தயாராக வேண்டும். அணை உடைந்தால் தண்ணீர் எங்கே வரை வரும், எத்தனை மணி நேரத்தில் வரும், யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். உங்கள் ஊர் அந்த வரைபடத்துக்குள் வருகிறதா என்று மாவட்ட நிர்வாகத்திடம் எழுதிக் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டம் எதற்கு இருக்கிறது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அணை உடைவது அபூர்வம். ஆனால் சாதாரணமாகத் தண்ணீர் திறந்துவிடும்போது ஆள் போவது அடிக்கடி. 2014 ஜூனில் இமாசலத்தில் லார்ஜி நீர்மின் அணையிலிருந்து தண்ணீர் விட்டபோது, பியாஸ் ஆற்றுக்குள் பாறை மேல் நின்றிருந்த 24 மாணவர்கள் போனார்கள். அன்று அங்கே வெள்ளம் ஏதுமில்லை, வழக்கமாக விடுகிற தண்ணீர்தான். மேலே அணை இருக்கிற ஆற்றில், நீர் வற்றிக் கிடக்கிறதே என்று நடுவில் போய் உட்காராதீர்கள். தடுப்பணைக்குக் கீழேயும் குளிக்காதீர்கள், விழுகிற தண்ணீர் அடியில் சுழன்று திரும்ப அணையை நோக்கியே இழுக்கும். நீச்சல் தெரிந்தவனையும் விடாது.

கரையோரத்தான்:
நல்ல தகவல், மனு போடுகிறேன். ஒரு நடைமுறைக் கேள்வி. "வினாடிக்கு 50,000 கன அடி திறப்பு" என்று செய்தி வருகிறது. அது எங்கள் படித்துறையில் எத்தனை படி என்று யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் அந்த எண்ணைக் கேட்டதும் மாடுகளை ஓட்டிக்கொண்டு மேட்டுக்குப் போகிறார், நான் காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். யார் செய்வது சரி?

கணக்குப்பிள்ளை:
அதை நீங்களே கண்டுபிடிக்கலாம், கருவி எதுவும் வேண்டாம். ஆற்றுப்பாலத் தூணில் அடிக்கணக்கில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு திறப்புக்கும் அறிவித்த அளவு, திறந்த நேரம், உங்கள் இடத்தில் மட்டம் ஏறத் தொடங்கிய நேரம், உச்சம் எத்தனை அடி என்று எழுதி வையுங்கள். சில பருவம் போனால், இத்தனை ஆயிரம் கன அடி என்றால் இத்தனை அடி, வர இத்தனை மணி நேரம் என்று உங்கள் ஊருக்கே ஒரு அட்டவணை வந்துவிடும். இடையில் கிளை ஆறு எதுவும் சேர்ந்தால் அதில் மழை பெய்ததா என்பதையும் பக்கத்தில் குறியுங்கள், இல்லையென்றால் கணக்கு இடிக்கும். மணல் அள்ளி ஆற்றுப்படுகை இறங்கினாலும் பழைய அட்டவணை செல்லாது.

மண்ணும் கல்லும்:
கோட்டைத் தூணின் முன்முகத்தில் போடாதீர்கள். அங்கே ஓட்டம் மோதி மேலே ஏறும், மட்டம் கூடுதலாகக் காட்டும். பின்பக்கம் பள்ளம் விழும், குறைவாகக் காட்டும். பாலத்திலேயே போட வேண்டாம், கரையோரம் ஓட்டம் அமைதியாக இருக்கிற இடத்தில் ஏதாவது பழைய சுவர், படித்துறையின் பக்கச்சுவர் இருந்தால் அதில் போடுங்கள்.

கரையோரத்தான்:
படித்துறைச் சுவர் இருக்கிறது. பெயின்ட் அடித்தால் ஒரு வெள்ளத்துக்கு நிற்குமா, இல்லை உளியால் கொத்த வேண்டுமா?

லஸ்கர் பேரன்:
கொத்திவிட்டு அதன் மேல் பெயின்ட் அடியுங்கள் அண்ணே. பெயின்ட் போனாலும் கோடு இருக்கும்.